ரஷ்யாவில் நான் கணக்கு டீச்சர்

ரஷ்யாவில் ஒரே ஒரு அம்மாவுக்கு மட்டும் நான் கணக்கு டீச்சர். அந்த அம்மா போன மாதம் இறந்துபோனார். மதுரை கோச்சடையில் இருக்கும் என் மாமாதான் போனில் சொன்னார். என்னைப் பெற்ற அம்மாவின் தம்பியான அவர் வாலிபத்தில் ரஷ்யா போய், அந்த அம்மாவிடம் கம்ப்யூட்டர் படித்தவர். தொண்ணூறு வயது தாண்டியும் அந்த அம்மா என்னை விசாரிப்பாராம். மாமாவும் சளைக்காமல் பதில் சொல்லிச் சொல்லியே என்னைப் பத்தாவது முடிக்க வைத்து, கல்லூரிக்கு அனுப்பி, கணக்கு டீச்சர் வேலை வாங்கிக் கொடுத்து, கடைசியில் ரிட்டையரும் ஆக்கியிருக்கிறார். ஐந்தாம் வகுப்போடு நின்றவள் நான். உடம்பெல்லாம் கூசிப்போயிற்று.

"ஏன் மாமா இப்படிச் சொன்னீங்க?"

"உங்கப்பா ஆரம்பிச்சு வச்சது தாயி. நான் பாதியில விட முடியுமா?"

அப்பா ஆரம்பித்தது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

அந்த அம்மா மதுரைக் கோயிலைப் பார்க்க வந்தபோது, மாமா அவரை டி. கல்லுப்பட்டிக்குப் பக்கத்தில் இருந்த எங்கள் ஊருக்கும் கூட்டி வந்தார். கோழிக்குழம்பின் காரத்தில் கண்ணீர் வழிய வழிய, நல்லா இருக்கு என்று தலையை ஆட்டிக்கொண்டே சாப்பிட்டார். அவர் பேசப் பேச மாமா எங்களுக்குத் தமிழில் சொன்னார். அவருடைய அப்பா சண்டையில் செத்துப்போனாராம். இடிந்துபோன பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்து, எழுதத் தாள் இல்லாமல் பழைய செய்தித்தாளின் ஓரங்களில் கணக்குப் போட்டுப் படித்தாராம். பிறகு ஒரு பெரிய அறையையே அடைத்துக்கொண்டு நிற்கும் கணக்கு இயந்திரம் செய்த கூட்டத்தில் இவரும் ஒருவர். அது சூடாகிப் புகைந்தால் சன்னலைத் திறந்து பனிக்காற்றை உள்ளே விடுவார்களாம். அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று அந்த இயந்திரத்துக்கு ஒவ்வொன்றாக எழுதிக் கொடுப்பது இவர் வேலை.

"இம்புட்டும் செஞ்சுட்டு வீட்ல சோறு யாரு ஆக்குறா?" என்றாள் பெரியம்மா. "புருசன் என்ன பண்றாரு, கேளுப்பா."

பட்டாளத்தில் இருக்கிறார் என்றார் மாமா. அந்தக் கணவர் எப்போதோ அவரை விட்டுவிட்டுப் போய்விட்டார் என்பது எங்களுக்கு வெகுநாள் கழித்துத்தான் தெரிந்தது. இரண்டு பக்கமும் மனம் நோகாமல் மொழிபெயர்ப்பதில் மாமா கெட்டிக்காரர்.

என் அம்மாவின் முந்தானைக்குள் ஒளிந்திருந்த என்னைப் பார்த்து அந்த அம்மா ஒரு கணக்குக் கேட்டார். மாமா தமிழில் சொல்லி முடிப்பதற்குள் நான் விடையைச் சொல்லிவிட்டேன். அந்த அம்மா கை தட்டினார். என்ன வகுப்பு படிக்கிறாள் என்று கேட்டார்.

கைப்பிள்ளையைத் தூக்கவும் ஆடு மேய்க்கவும் என்னை அந்தக் கோடையில்தான் ஐந்தாம் வகுப்போடு நிறுத்தியிருந்தார்கள். அம்மா அப்பாவைப் பார்த்தாள்.

"ஆறாப்பு படிக்குது," என்றார் அப்பா.

மாமா அப்பாவை ஒரு தரம் பார்த்துவிட்டு அதை ரஷ்ய மொழியில் சொன்னார். அந்த அம்மா என் தாடையைப் பிடித்து, பள்ளிப்படிப்பை முடித்துவிட்டு என்னிடம் வா, உன் மாமாவைப் போல உன்னையும் படிக்க வைக்கிறேன் என்றார்.

"அதுக்கென்ன, அனுப்பிச்சு வச்சிருவோம்," என்றார் அப்பா, ஏதோ திருமங்கலம் பஸ்ஸில் ஏற்றிவிடுவதுபோல.

அப்பா பொய் சொல்லி நான் கேட்டதில்லை. அதனால் என்னை ஆறாம் வகுப்பில் சேர்த்தாயிற்று என்றே நினைத்தேன். மறுநாள் காலையில் எண்ணெய் வைத்துத் தலை வாரி, பழைய பையை எடுத்துக்கொண்டு, யாரிடமும் சொல்லாமல் பக்கத்து வீட்டு அக்காவோடு பெரிய பள்ளிக்கூடத்துக்கு நடந்தேன். ஆறாம் வகுப்பில் போய் உட்கார்ந்தேன். வாத்தியார் பெயர் வாசித்து முடித்தார்.

"சார், எம் பேர வாசிக்கல."

"ஒன்ன யாரு புள்ள சேத்தது?"

"எங்கப்பா, சார். நேத்து ரஷ்யாக்கார டீச்சர்ட்ட சொல்லிட்டாங்க."

வகுப்பே சிரித்தது. ஒருவன் பெஞ்சைத் தட்டித் தட்டிச் சிரித்தான். எழுந்து நிற்பதா உட்காருவதா என்று தெரியாமல் பையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றேன். அந்த நிற்பு இன்றைக்கும் உடம்பில் இருக்கிறது.

ஆள் போய்ச் சொல்ல, அப்பா காட்டு வேலையிலிருந்து அப்படியே வந்தார், முழங்கால் வரை கரிசல் மண்ணோடு. வகுப்பு வாசலில் துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்.

வாத்தியார் நல்ல மனிதர். "பிள்ளைக்கு ஆசை இருக்கு. சரின்னு சொல்லுங்க, இப்பவே சேத்துக்கிறேன்," என்றார்.

அப்பா என்னைப் பார்க்கவில்லை. "இல்லைங்க சார். வீட்ல கைப்பிள்ளை இருக்கு. ஆடு வேற கெடக்கு. தோதுப்படாது," என்றார். முதல் நாள் ஒருத்தர் முன்னால் சொல்ல முடியாததை அத்தனை பிள்ளைகள் முன்னால் சொன்னார்.

திரும்பும்போது என் பையை வாங்கித் தன் தோளில் போட்டுக்கொண்டு முன்னால் நடந்தார். ரோட்டைத் தாண்டும்போது எப்போதும் என் கையைப் பிடிப்பவர், அன்று பிடிக்கவில்லை. திரும்பி நின்று இரண்டு அடி அடித்தால் தேவலை என்றிருந்தது எனக்கு. அடிக்கவில்லை, வையவுமில்லை.

கண்மாய்க்கரை வந்ததும் தண்ணீரில் இறங்கி, எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு முகத்தைக் கழுவினார். துண்டால் துடைத்தார். மறுபடியும் கழுவினார். மறுபடியும் துடைத்தார். வெயிலுக்கு இதமாக இருக்கிறதுபோல என்று நினைத்துக்கொண்டு, நேரமாகிறதே, ஆட்டை அவிழ்க்க வேண்டுமே என்று நான் கரையில் நின்றிருந்தேன்.