தண்ணீர்த் தொட்டி அறிவிப்பு

கருவிக்குள் தள்ளுவதற்கு முன் அவர் ஒவ்வொரு நாடாவையும் காதருகே கொண்டுபோய் இரண்டு முறை குலுக்குவார், தீப்பெட்டியில் குச்சி மிச்சமிருக்கிறதா என்று பார்ப்பதுபோல. பிறகு மேலே ஒட்டியிருக்கும் சீட்டைக் கட்டைவிரலால் துடைப்பார். உள்ளே எதுவும் கலகலக்காவிட்டால் நாடா நன்றாக இருக்கிறது என்பது அவர் கணக்கு. யாரும் சொல்லித்தந்ததல்ல. உண்மையும் அல்ல.

மருத்துவமனையின் கீழ்த்தளத்தில், ஏசி ஓயாமல் உறுமும் அறையில், நூற்றைம்பத்தாறு பேக்கப் நாடாக்கள். மேலே கம்ப்யூட்டர்களில் உள்ள எல்லாவற்றுக்கும் ஒரு நகல், மாதத்துக்கு ஒரு நாடாவாகப் பதின்மூன்று வருடங்களாக அங்கே வந்து சேர்ந்தது. வெயில் காலத்திலும் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு காவல் இருந்தவரை எல்லோரும் டேப் அண்ணன் என்றார்கள்.

மாதம் ஒருமுறை சோதனை. புது நாடாவிலிருந்து ஏதாவது ஒரு கோப்பை எடுத்துத் திறந்து பார்த்து, பதிவேட்டில் ‘சரி’ என்று எழுதிக் கையெழுத்திட வேண்டும். ஆரம்பத்தில் நேர்மையாகத்தான் செய்தார். ஆறாவது மாதம் ஒரு பெரிய ஸ்கேன் கோப்பு திறக்கவில்லை. அதைச் சொல்லப்போய் மேலதிகாரியிடம் நாலு பேர் முன்னால் வாங்கிக் கட்டிக்கொண்டார். அடுத்த மாதம் எல்லா நாடாவிலும் இருக்கும் ஒரு குட்டிக் கோப்பு கண்ணில் பட்டது. செவ்வாய்க்கிழமை தண்ணீர்த் தொட்டி சுத்தம் செய்யப்படும், குழாயில் நீர் வராது என்று என்றைக்கோ போட்ட அறிவிப்பு. ஐந்து நொடியில் திறந்தது. அன்றிலிருந்து நூற்றைம்பது மாதமும் அதுதான்.

ஒருநாள் புதிதாகச் சேர்ந்த பொறியாளர் ஒரு கம்ப்யூட்டர் நிரலோடு கீழே இறங்கி வந்தாள்.

“இனிமே ஒண்ணத் தேட ஒவ்வொரு டேப்பா போட்டுப் பாக்க வேணாம்ணா. எந்த டேப்புல இருக்கும்னு இதுவே சொல்லிரும்” என்றாள் அவள்.

“அதுக்கு எப்படிம்மா தெரியும்?”

“இதுவரைக்கும் யாரு எத எடுத்தாங்கன்னு பழைய பதிவு எல்லாம் மெஷின்ல இருக்குல்ல, அதப் படிச்சுக் கத்துக்கும். அடிக்கடி எடுத்தது முக்கியமானதுன்னு புரிஞ்சுக்கும்.”

அன்று இரவு சாப்பிடும்போது, அந்தப் பழைய பதிவில் தன் ஏமாற்று வேலை தெரிந்துவிடும் என்று மனைவியிடம் மெல்லச் சொன்னார். அவள் தட்டை எடுத்துக்கொண்டே, “கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கும்பாங்க. உங்களுது பன்னெண்டு வருஷத்தத் தாண்டிருச்சு. நாளைக்கே போய்ச் சொல்லிருங்க” என்றாள். அவர் சொல்லவில்லை. மூன்று வாரம் மாடிப்படியில் காலடி கேட்கும்போதெல்லாம் பதிவேட்டை மூடி வைத்தார்.

ஒரு புதன்கிழமை காலை கதிர்வீச்சு டாக்டரே இறங்கி வந்தார். பதினொரு வருடத்துக்கு முன் சிகிச்சை பெற்ற ஒரு பெண்ணுக்குக் கட்டி திரும்ப வந்திருக்கிறது, முதுகெலும்பை ஒட்டி. அன்று எந்த இடத்தில் எவ்வளவு கதிர் பாய்ந்தது என்று தெரியாமல் மறுபடி கொடுத்தால் கால்கள் போய்விடலாம். காகிதக் கோப்பு கட்டடம் மாறியபோது தொலைந்துவிட்டது; மேலே கம்ப்யூட்டரில் இருந்ததைப் பழசு என்று என்றோ அழித்துவிட்டார்கள். அந்தப் பெண்ணின் கணவர் டாக்டர் பின்னாலேயே வந்து, வெளியே பெஞ்சில், மடியில் ஒரு பையை அணைத்தபடி உட்கார்ந்தார்.

பொறியாளர் அந்தப் பெண்ணின் பெயரைத் தட்டினாள். திரையில் முதலில் வந்தது தண்ணீர்த் தொட்டி அறிவிப்பு. இரண்டாவதும் அதுவே. பக்கம் முழுக்க அதுவே.

“ஆஸ்பத்திரியிலயே ரொம்ப முக்கியமான விஷயம் இதுதான்னு நினைச்சிருக்கு. யாருண்ணா இத நூத்தம்பது தடவ கேட்டது?” அவள் சிரித்துக்கொண்டே திரும்பினாள். அவர் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்தினாள்.

“நான்தாம்மா. சோதனைக்கு வேற எதையும் தொட்டதில்ல.”

அவர் திட்டுக்காகக் காத்திருந்தார். டாக்டர் திட்டவில்லை. “அப்ப அந்த வருஷத்து டேப்பு நல்லா இருக்கா, இல்லையா?” என்று மட்டும் கேட்டார்.

அந்தக் கேள்வி அதுவரை அவருக்குத் தோன்றியதே இல்லை. தன் குட்டு உடையும் என்று பயந்திருந்தாரே தவிர, அலமாரியில் என்ன இருக்கிறது என்று பயந்ததில்லை. நூற்றைம்பத்தாறு பெட்டிகளும் முதுகைக் காட்டி நின்றன.

“தெரியாது டாக்டர்.”

அந்த நூற்றைம்பது வரிகளையும் நீக்கிவிட்டு, மிச்சத்தை மறுபடி படிக்கவிட்டாள் பொறியாளர். அரைமணி நேரம். கதவுக் கண்ணாடி வழியே பெஞ்சில் இருந்தவரின் செருப்பு மட்டும் தெரிந்தது. அது ஆடிக்கொண்டே இருந்தது.

நிரல் இந்த முறை மூன்று நாடாக்களைக் காட்டியது. அவர் முதலாவதை எடுத்தார். பழக்கத்தில் காதருகே கொண்டுபோன கை பாதியில் நின்றது. குலுக்காமலே தள்ளினார். கருவி உறுமியது, திணறியது, பிழை என்றது. பதிவேட்டில் அதற்கு நேரே அவர் கையெழுத்தில் ‘சரி’. இரண்டாவதும் அப்படியே, அதே கையெழுத்து.

“மூணாவது போடுங்கண்ணா” என்றாள் பொறியாளர். நாடா கோணலாகப் போய்க் கருவியின் வாயில் இடித்தது. அவள் அவர் கையைப் பிடித்து நேராக்கினாள்.

பதினெட்டு நிமிடம் சுற்றிய பிறகு திரையில் ஒரு முதுகெலும்பின் படம் வரி வரியாக இறங்கியது. டாக்டர் குனிந்து எண்களைப் படித்தார், இன்னொரு முறை படித்தார். “அதே இடம். மறுபடி கதிர் குடுக்கவே கூடாது. ஆபரேஷன்தான்” என்று சொல்லிவிட்டுக் கதவைத் திறந்துகொண்டு பெஞ்சை நோக்கிப் போனார்.

டேப் அண்ணனை வேலையை விட்டு அனுப்பவில்லை. எல்லா நாடாவையும் முதலிலிருந்து கடைசிவரை ஓட்டிப் பார்க்கச் சொன்னார்கள். நான்கு மாதம் ஆனது. அது முடிந்த பிறகுதான் தெரியவந்தது: பத்தொன்பது நாடாக்கள் நடுவிலேயே செத்துப்போயிருந்தன. அந்த அறிவிப்பு எப்போதும் நாடாவின் முதல் சாணிலேயே பதிவாகியிருந்தது. பத்தொன்பதிலும் அது மட்டும், ஓர் எழுத்துக்கூடக் கெடாமல், ஐந்து நொடியில் திறந்தது.