சாவி பிடிக்கும் சீட்

என் அக்கா வீட்டுக்காரர் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறார். கோணிப்போன பிரேமை வாங்கி, சூடு காட்டி, விரலால் லேசாக ஒரு நெளிப்பு நெளித்து வந்தவர் முகத்தில் மாட்டிவிடுவார். உலகத்தில் எதையும் மாற்றத் தேவையில்லை, லேசாக நெளித்தால் போதும் என்பது அவர் கொள்கை. கடையில் அவருக்குப் பெயரே ‘லேசா’தான். நான் மட்டும் அத்தான் என்கிறேன், உறவாகிவிட்டதால் வேறு வழியில்லை.

அவர் வீட்டில் விருந்தாளியாகத் தங்கப் பயிற்சி வேண்டும். குளியலறைக் குழாயைத் தூக்கிப் பிடித்துத்தான் திருக வேண்டும். பால்கனிக் கதவுக்கு அடியில் முழங்காலால் ஓர் இடி. பத்திரிகையில் ஊருக்கே புத்தி சொல்கிற நான், அந்தக் குழாயிடம் இன்றும் தோற்றுப்போய், வாயெல்லாம் பற்பசை நுரையோடு அக்காவைக் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறேன்.

அத்தானின் ஒரே ஆடம்பரம் ஒரு கேம்பர் வேன். உள்ளே படுக்கை, ஒற்றை அடுப்பு, மடக்கு மேஜை எல்லாம் உள்ள கிழட்டு வண்டி. அதில் சாவி போடும் சுவிட்ச் தேய்ந்துபோயிருந்தது. ஸ்டார்ட் ஆனபிறகும் சாவியை வலப்பக்கம் சாய்த்துப் பிடித்திருக்க வேண்டும். விட்டால் அடுத்த பள்ளத்தில் எஞ்சின் அணைந்துவிடும். அத்தானின் இரண்டு கையும் ஸ்டியரிங்குக்கும் கியருக்கும் சரியாகப் போய்விடும். ஆகவே டேஷ்போர்டின் நடுவிலிருந்த அந்தச் சாவி, பக்கத்து சீட்டிலிருந்த அக்காவின் பொறுப்பு. பள்ளம் வந்தால் அவர் “பிடி” என்பார், அவள் இறுக்குவாள். இப்படியே ஊர் ஊராகப் போய்வந்தார்கள்.

இந்த முறை ஏரிக்கரைக்குப் போகலாம் என்று அத்தான் ஆரம்பித்ததும், அக்கா பிடித்துக்கொண்டாள்.

“போற வழியெல்லாம் அவ்வளவு அழகுன்னு சொல்றாங்க. எனக்கென்ன தெரியும்? நான் பாத்ததெல்லாம் இந்தச் சாவி ஓட்டைதான். கையை மடியில வெச்சுக்கிட்டு வர முடியும்னா வர்றேன். இல்லேன்னா நீங்க மட்டும் போய்ட்டு வாங்க.”

“லேசா ஒரு ரப்பர் பேண்டு போட்டா…”

“என்னங்க.”

அந்த ஒரு சொல்லில் ரப்பர் பேண்டு அறுந்தது. அத்தான் வழியெல்லாம் பேசிக்கொண்டே வண்டி ஓட்டுகிறவர். கேட்க அக்கா இல்லாவிட்டால் அவருக்குப் பயணமே இல்லை. புது சுவிட்ச் வாங்கிவந்தார். அதைப் பார்க்கும்போதெல்லாம் முகத்தில் ஒரு துரோகக் களை.

உதவிக்கு நான். பேட்டரி ஒயரைக் கழற்றிவிட்டு, “நீதான் எழுதற ஆளாச்சே மாப்ளே, ஒவ்வொரு ஒயருக்கும் ஒரு அடையாளம் எழுதி ஒட்டு” என்றார். ஒட்டினேன்: ‘மேலே’, ‘நடுவே’, ‘கீழே’. என் எழுத்து வாழ்க்கையில் இவ்வளவு தெளிவாக எதையும் எழுதியதில்லை என்று கொஞ்சம் கர்வம்கூட வந்தது. பழையதைக் கழற்றி எடுத்தோம். புதியது வட்டமாக இருந்தது.

“எது மேலே?”

“எழுதியிருக்கேனே அத்தான்.”

“ஒயர்ல எழுதியிருக்கே. சுவிட்ச்சுல எது தலை, எது கால்?”

தெரியாத விஷயத்தில் உறுதியாகப் பேசுவதுதானே என் பிழைப்பு. “இந்தச் சின்னத் திருகு இருக்கே, அதுதான் தலை” என்றேன். மாட்டி, பேட்டரியை இணைத்து அத்தான் சாவியைத் தொட்டதும், கொளுத்தும் வெயிலில் வைப்பர் இரண்டும் மும்முரமாக மழையைத் துடைக்கத் தொடங்கின. வாசலில் நின்றிருந்த அக்கா உள்ளே போய்விட்டாள்.

தலையைக் காலாக்கி மறுபடி மாட்டினோம். எஞ்சின் பிடித்தது. அத்தான் கையை எடுத்தார். அணையவில்லை. நம்பிக்கை வராமல் கதவை அறைந்து சாத்திப் பார்த்தார். அப்போதும் அணையவில்லை.

ஏரிக்குக் கிளம்பினோம். அக்கா முன் சீட்டில், கை மடியில். நான் பின்னால், அடுப்புக்கும் மேஜைக்கும் நடுவே மூட்டையாக. முதல் வேகத்தடையில் அத்தான் பழக்கதோஷத்தில் “பிடி” என்றார். அக்காவின் கை பாய்ந்து சாவியை வலப்பக்கம் சாய்த்தது. புது சுவிட்சில் அது ஸ்டார்ட் செய்கிற பக்கம். ஓடுகிற எஞ்சின் கறகறவென்று அலறியது. பதறிப்போய் அத்தான் பிரேக்கை மிதிக்க, வண்டி நின்றே போனது.

“நீங்க ஏன் பிடின்னு சொன்னீங்க?”

“நீ ஏன் பிடிச்சே?”

நடுவர் பதவி காலியாக இருந்தால் நான் விடமாட்டேன். “அக்கா, நீ பின்னால ஜன்னலோரம் வந்துடு. எனக்கு அந்தப் பழக்கமெல்லாம் கிடையாது” என்று முன்னால் போய் உட்கார்ந்தேன்.

ஆற்றுப்பாலத்தில் ஏறும்போது ஒரு குலுக்கல்.

“பிடி.”

வாழ்நாளில் அந்தச் சாவியைத் தொட்டிராத நான், பெரியவர் சொல்லைத் தட்டாதவனாகத் தாவிப் பிடித்தேன். வலப்பக்கம் அலறியது ஞாபகம் வந்து இடப்பக்கம் திருப்பினேன். எஞ்சின் அணைந்தது. வண்டி நடுப்பாலம்வரை உருண்டு ஓரமாக நின்றது.

“உன்னை யாருடா பிடிக்கச் சொன்னது?”

“நீங்கதான் அத்தான்.”

பின்னாலிருந்து திட்டு வரும் என்று காத்திருந்தோம். வரவில்லை. திரும்பிப் பார்த்தால், அக்கா ஜன்னலைத் தள்ளித் திறந்து முழங்கையை ஊன்றிக்கொண்டிருந்தாள். கீழே ஆறு அகலமாகப் போய்க்கொண்டிருந்தது.

“கிளப்பட்டுமா?” என்றார் அத்தான், மெதுவாக.

“நான் சொல்றேன், இருங்க.”

பின்னால் வந்த லாரிக்காரர் ஹாரன் அடித்தார். அக்கா ஜன்னல் வழியே கையை நீட்டி, அவரைத் தாண்டிப் போகச் சொல்லி ஆட்டினாள்.