வாசகரின் தண்ணீர்ப் போத்தல்

கொட்டாஞ்சேனைக் கத்தோலிக்கக் கோயிலில் ஞாயிறு பூசைக்கு வாசகம் வாசித்த அந்தப் பெரியவரின் பெயரை நான் ஒருநாளும் கேட்டதில்லை. நான் அப்போது பாடற்குழுவில் நின்றவள். மெலிந்த மனிதர். கஞ்சி போட்ட வெள்ளைச் சேர்ட். வாய் முழுக்கக் கட்டின பல். பிரஷருக்கு விழுங்கும் குளிசை அவர் வாயைக் காயவைத்திருந்தது. எச்சில் ஊறாவிட்டால் பல் பிடித்து நிற்காது. அதனால் காற்சட்டைப் பையில் எப்போதும் ஒரு சின்னத் தண்ணீர்ப் போத்தல் இருக்கும். ஒரு மிடறு எடுத்து, வாய்க்குள் உருட்டி விழுங்கிவிட்டுத்தான் வாசிக்கப் படியேறுவார்.

ஒரு பெரிய வெள்ளிக்கிழமை, ஆண்டவருடைய பாடுகளின் நீண்ட வாசிப்பு அவருக்கு வந்தது. நான் முன்கூட்டியே ஒரு கிளாஸ் தண்ணீர் கொண்டுபோய் அவர் பக்கத்தில் வைத்தேன். அவர் அதைத் தொடவில்லை; பையில் இருந்த போத்தலையும் எடுக்கவில்லை. பாதியில் பல் தளர்ந்து 'டக்' என்றது. சிலர் சிரிப்பை அடக்கினார்கள். ஆண்டவர் சிலுவையில் தாகம் என்று சொல்லும் இடம் வந்தது. வறண்ட நாக்கால் பல்லை அழுத்திப் பிடித்துக்கொண்டு, மெதுவாக வாசித்தார். அதற்குப் பிறகு ஒருவருக்கும் சிரிப்பு வரவில்லை.

முடிந்ததும் வாசலில் அவரை மறித்தேன். எனக்குக் கோபம்தான்.

"தண்ணி வச்சனான்தானே ஐயா, ஏன் குடிக்கேல்லை?"

போத்தலை ஒரே மூச்சில் குடித்து முடித்தார்.

"தண்ணியைக் குடிச்சுப்போட்டு அந்த இடத்தை எப்பிடிப் பிள்ளை வாசிக்கிறது?"

இப்போது வேறொருவர் வாசிக்கிறார். தெளிவான குரல், சொந்தப் பல். அந்த இடம் வரும்போது என் வாய்தான் காய்ந்துபோகிறது.