நிலத்தில் இருந்து பார்க்க வேண்டிய படம்

மனோகரன் அண்ணையின் மரணச் செய்தி எனக்குக் கைபேசியில் ஒரு படமாக வந்தது. வேலை முடிந்து பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தேன். திறந்து பார்த்தால் அவருடைய தலை வேறு யாரோ ஒருவருடைய கோட்டின் மேல் ஒட்டப்பட்டிருந்தது. தலைக்கு வெளிச்சம் இடப்பக்கத்திலிருந்து விழுகிறது, கோட்டுக்கு வலப்பக்கத்திலிருந்து விழுகிறது. பின்னால் ஒரு நீர்வீழ்ச்சி. எனக்கு முதலில் அழுகை வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. கோட் போட்டு நான் ஒருநாளும் பார்த்திராத மனிதர் அவர். ஒரு கழுத்து எப்படித் தோளில் இறங்குகிறது என்பதைப் பிடிக்க மாதக்கணக்கில் பென்சிலும் கையுமாக இருந்தவர். அவருக்குப் போய் இப்படி ஒரு கழுத்து.

அவருடைய மனைவி புஸ்பா அக்காவுக்கு உடனே போன் எடுத்தேன். "கோட் இல்லாமல் போட்டால் சனம் என்ன சொல்லும், மாஸ்டர்? அவரின்ரை நல்ல படம் ஒண்டும் வீட்டிலை இல்லை. ஊரிலை உள்ள எல்லாரையும் கீறினவர், தன்னை ஒருக்காலும் கீறேல்லை" என்று சொல்லி அழுதார். தகனத்துக்கு நாள் குறித்துத் தரும் டெர்மின் அடுத்த கிழமைதான் கிடைத்திருக்கிறது என்றார். இந்த ஜெர்மனியில் சாம்பலாவதற்கும் வரிசையில் நிற்க வேண்டியிருக்கிறது.

முப்பத்தோராம் நாளுக்கு அச்சிடும் இந்த மலருக்கு இரண்டு பக்கம் எழுதும்படி எங்கள் தமிழ் மன்றத் தலைவர் இராசநாயகம் கேட்டார். "ஈடுசெய்ய முடியாத இழப்பு எண்டு முடிச்சு விடுங்கோ, மாஸ்டர்" என்றும் சொன்னார். அப்படி முடிக்க எனக்கு மனம் வரவில்லை. இதை வாசிக்கும் உங்களில் பலருக்கு மனோகரன் அண்ணையின் பந்திப் படம் நினைவிருக்கும். மன்ற மண்டபத்தில் மூன்று கிழமை தொங்கிவிட்டு நிலக்கீழ் அறைக்குப் போன படம். அதைக் கழற்றுவது என்ற முடிவை மன்றத்தின் செயலாளராகக் குறிப்பேட்டில் எழுதியவன் நான். அதனால் அந்தப் படத்தைப் பற்றித்தான் இங்கே எழுதப் போகிறேன்.

அவர் ஓவியம் படித்தவரல்ல. அகதியாக வந்து, வேலை செய்ய அனுமதி இல்லாமல் முகாமில் இருந்த வருடங்களில், குளிருக்கு ஒதுங்க ஓர் ஓவியக் காட்சியகத்துக்குள் நுழைந்தவர். மாதத்தில் ஒரு ஞாயிறு அங்கே இலவசம். ஒருமுறை என்னையும் கூட்டிப்போனார். ஐந்நூறு வருடப் பழைய இத்தாலியப் படம் ஒன்றின் முன் நின்று, சட்டைப் பையிலிருந்து நூலை எடுத்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, படத்திலிருந்த தரைக் கற்களின் கோடுகளுக்கு நேராக இழுத்துப் பிடித்தார். காவலுக்கு நின்ற பெண் ஓடிவந்து எங்களைத் தள்ளி நிற்கச் சொன்னாள். எனக்கு மானம் போனது. அவர் அசையவே இல்லை.

"எல்லாக் கோடும் ஒரே புள்ளிக்குத்தான் போகுது, மாஸ்டர். இதைக் கீறினவன் ஒரு ஆளை ஒரு இடத்திலை வைச்சு, அந்தாளின்ரை கண்ணாலை முழுக்கக் கீறியிருக்கிறான். படத்திலை இருக்கிறது கடவுள். பாக்கிறது மனிசன்ரை கண்" என்றார்.

மறுமலர்ச்சிக் காலம் என்று நாங்கள் பாடப்புத்தகத்தில் வாசித்துப் பரீட்சைக்கு எழுதிவிட்டு மறந்ததை அவர் ஒரு முழ நூலால் பிடித்திருந்தார். அந்த இத்தாலியர்களிடமிருந்து சிறகு முளைத்த குழந்தைகளையோ பளிங்குத் தூண்களையோ அவர் எடுக்கவில்லை. மனிதனை அளந்து பார்க்கலாம், அளக்கும் அளவுக்கு அவன் மதிப்புள்ளவன் என்ற எண்ணத்தை எடுத்துக்கொண்டார். அவர்கள் தங்கள் தெருவில் கண்ட முகங்களைப் புனிதர்களுக்கு வைத்தார்கள் என்பதில் அவருக்கு அப்படி ஒரு சந்தோஷம். எங்கள் ஆட்கள் வந்து அம்மன் படம் கீறித் தரச் சொன்னால், "சாமிக்கு ஒரு முகம் போதும், அது கலண்டரிலை கிடக்கு. மனிசருக்குத்தான் ஆளுக்கொரு முகம் வேணும்" என்று அனுப்பிவிடுவார். இதனால் அவருக்குக் கிடைத்த பெயர் தலைக்கனம் பிடித்தவர் என்பது.

மண்டபத்துக்கு ஒரு படம் வேண்டும் என்று மன்றம் அவரிடம் கேட்டபோது, கோயிலில் அன்னதானப் பந்தியைக் கீறுவதாகச் சொன்னார். ஊன்ட்றொப் அம்மன் கோயில் தேருக்குப் போய்வந்த சூட்டில் எல்லோரும் ஓம் என்றார்கள். ஆண்டு விழாவுக்கு ஆறு மாதம் இருந்தது. அவர் எடுத்துக்கொண்டது மூன்று வருடம். காலையில் மருத்துவமனைச் சமையலறையில் வேலை, பின்னேரம் படம். மருத்துவமனை கழித்துவிட்ட கட்டில் விரிப்புகளைத் தைத்து மூன்று மீற்றர் அகலத்துக்குச் சட்டம் அடித்திருந்தார். நான் போன் எடுக்கும்போதெல்லாம், "இன்னும் வெளிச்சம் சரிவரேல்லை, மாஸ்டர்" என்பார். வெளிச்சம் சரிவரவில்லை என்று நான் கூட்டத்தில் போய் எப்படிச் சொல்வது? ஒவ்வொரு கூட்டத்திலும் அவருக்காகப் பேச்சு வாங்கினேன்.

படத்தில் நாற்பது பேர். எல்லோரும் எங்களுக்குத் தெரிந்தவர்கள். கோயிலில் பாத்திரம் கழுவும் பரமேஸ்வரி அக்காவைப் பல ஞாயிறுகள் கையில் வாளியோடு நிற்க வைத்திருக்கிறார். "சும்மா நிண்டால் சரியில்லை, அக்கா. வாளிக்குள்ளை சோறு வேணும். கை எங்கை களைக்கத் தொடங்குது எண்டு நான் பாக்கவேணும்" என்றாராம். அக்கா இதை ஊரெல்லாம் சொல்லித் திரிந்தார். பரிகாசமாகச் சொல்லத் தொடங்குவார், முடிக்கும்போது குரலில் பெருமை இருக்கும்.

ஒருநாள் மனோகரன் அண்ணை எங்கள் வீட்டுக்கும் வந்தார். கையில் தையல்காரரின் அளவுநாடா. என்னை நிலத்தில் கால் மடக்கிச் சப்பாணி கட்டி இருக்கச் சொன்னார். நிலத்திலிருந்து என் கண் வரைக்கும் அளந்து, சிகரெட் பெட்டி மட்டையில் ஏதோ குறித்தார். "என்னத்துக்கு, அண்ணை?" என்றேன். "தேவை இருக்கு" என்றார். தேநீர்கூடக் குடிக்கவில்லை. நானும் படத்தில் வரப்போகிறேன் என்று மனைவியிடம் சொன்னேன். திறப்பு விழாவுக்குப் புது வேட்டியும் வாங்கினேன்.

படம் வந்த அன்று பார்த்து அவருக்குப் பின்னேர வேலை. "நான் வந்துதான் மாட்டுவன், அதுவரைக்கும் நிலத்திலை சாத்தி வையுங்கோ" என்று சொல்லியிருந்தார். விழாவுக்கு ஆட்கள் வரத் தொடங்கிவிட்டார்கள். பந்தியென்றாலும் கோயில் பந்தி, அதைக் கால்மாட்டில் வைப்பது மரியாதையில்லை என்று நான்தான் சொன்னேன். ஏணி பிடித்து மேடைக்கு மேலே, கூரையோடு ஒட்ட மாட்டினோம். பிறகு கீழே இறங்கி நாற்பது முகங்களையும் ஒவ்வொன்றாகப் பார்த்தேன். நான் இல்லை. இன்னொருமுறை பார்த்தேன். என் மைத்துனர்கூட இருந்தார்.

அடுத்த கூட்டத்தில் இராசநாயகம் எழுந்தார். படத்தில் அவர் பந்தியின் தூரத்து முனையில் குத்துவிளக்குக்குப் பக்கத்தில் நிற்கிறார். "பாத்திரம் கழுவுற மனிசி முன்னுக்கு ஆளுயரத்துக்கு நிக்கிறா. மன்றத் தலைவர் சுண்டங்காய் அளவு. இதென்ன மரியாதை?" என்றார். இன்னொருவர், இலைகளெல்லாம் சறுக்கிக் கீழே விழப்போவது போல் இருக்கிறது, பரமேஸ்வரியும் சோற்று வாளியோடு எங்கள் தலையில் விழப்போகிறா என்றார். எல்லோரும் சிரித்தார்கள். படத்தின் அடி விளிம்பில் ஆளில்லாமல் ஓர் இலை போட்டிருக்கிறது, அது செத்தவர்களுக்குப் படைக்கிற இலை, மங்கல விழா நடக்கும் மண்டபத்துக்கு ஆகாது என்றும் ஒருவர் சொன்னார்.

மனோகரன் அண்ணை கதவோரம் நின்று எல்லாவற்றையும் கேட்டார். "தூரத்திலை நிக்கிற ஆள் சின்னதாத்தான் தெரியும். யாழ்ப்பாணத்திலையும் அப்பிடித்தான்" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "உது உயரத்திலை தொங்கிற படமில்லை, மாஸ்டர். நிலத்திலை இறக்கி வைச்சு, நிலத்திலை இருந்து பாருங்கோ" என்றார். அவ்வளவுதான் பேசினார். அந்த இடத்தில் நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். நூலும் புள்ளியும் அங்கே என் ஒருவனுக்குத்தான் தெரியும். ஆனால் எனக்குள் நாற்பது முகங்களில் என் முகம் இல்லாத எரிச்சல் கிடந்தது. "படத்தைத் தற்காலிகமாகக் கழற்றி வைப்பதென ஏகமனதாகத் தீர்மானிக்கப்பட்டது" என்று அழகான கையெழுத்தில் எழுதினேன். அந்தத் தற்காலிகம் பதினொரு வருடம் நீண்டது.

மனச்சாட்சி உறுத்தியதில், கொஞ்ச நாள் கழித்து நகரசபையில் கலை நிகழ்ச்சிகளைக் கவனிக்கும் ஜெர்மன் பெண் ஒருவரிடம் படத்தின் புகைப்படத்தைக் கொண்டுபோனேன். மனோகரன் அண்ணையையும் கூட்டிப்போனேன். அந்தப் பெண் நல்லவள்தான். கனநேரம் பார்த்துவிட்டு, நன்றாக இருக்கிறது, ஆனால் இது எங்களுடைய பழைய படங்கள் மாதிரி அல்லவா இருக்கிறது, உங்கள் பண்பாட்டைக் காட்டுவதாக ஏதாவது இல்லையா, யானை, நடனம் என்று கேட்டாள். நான் மொழிபெயர்க்கத் தயங்கினேன். அவர் சிரித்தார். "விளங்குது, மாஸ்டர். அவையளுக்கு இதிலை நாங்கள் காணாது, எங்கடை ஆக்களுக்கு இதிலை அம்மன் காணாது" என்று சொல்லிக்கொண்டே வெளியே நடந்தார். இரண்டு பக்கத்தாருக்கும் அந்தப் படத்தில் தேடியது கிடைக்கவில்லை. அதில் இருந்ததை ஒருவரும் தேடவில்லை. இதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

அவர்மீதும் கோபம் இருக்கிறது. மறைப்பானேன். ஒரு வார்த்தை விளக்கிச் சொல்லியிருந்தால் என்ன? அதற்குப் பிறகும் மன்றத்தின் ஒவ்வொரு விழாவுக்கும் வந்து வெங்காயம் உரித்தார், கதிரை அடுக்கினார். என்னோடு மழையையும் ரயில் தாமதத்தையும் பேசினார். படத்தைப் பற்றி ஒரு சொல் இல்லை. சண்டை பிடித்திருந்தாலாவது நான் பதில் சொல்லியிருப்பேன்.

தகனத்தன்று இராசநாயகம் அவரை மாபெரும் ஓவியர் என்றார். முப்பத்தோராம் நாளில் பந்திப் படத்தை மேடையில் வைத்து மாலை போடலாம் என்றும் சொன்னார். அதைத் துடைத்து வைக்கும் வேலை என்னிடம் வந்தது. போன சனிக்கிழமை நிலக்கீழ் அறைக்குப் போனேன். உடைந்த கதிரைகளுக்கும் நத்தார் மரப் பெட்டிகளுக்கும் பின்னால் சுவரைப் பார்த்தபடி நின்றது. முதலில் கண்ணில் பட்டது அதன் பின்பக்கம்தான். விரிப்பின் குறுக்கே, அடிச்சட்டத்திலிருந்து கொஞ்ச உயரத்தில், விளிம்பிலிருந்து விளிம்புக்கு ஒரு பென்சில் கோடு. கோட்டின் நடுவில் ஆணி அடித்த ஓட்டை. பக்கத்தில் அவருடைய கையெழுத்தில், "மாஸ்டரின்ரை கண். 76."

ஆணியில் நூலைக் கட்டி எல்லாக் கோடுகளையும் அங்கிருந்துதான் இழுத்திருக்கிறார். எழுபத்தாறு சென்ரிமீற்றர், சப்பாணி கட்டி இருக்கும் என் கண்ணின் உயரம்.

படத்தைத் திருப்பி, நிலத்தில் வைத்து, சுவரில் சாத்தினேன். சீமெந்துத் தரை, ஈரம். முழங்காலும் சொல்வழி கேட்காது. பெட்டியைப் பிடித்துக்கொண்டு மெல்ல இறங்கிச் சப்பாணி கட்டி இருந்தேன். சறுக்கி விழப்போவதாக நாங்கள் சிரித்த இலைகள் எல்லாம் நேராகத் தரையில் படிந்தன. இரண்டு பக்கமும் வரிசை நீண்டு விளக்கடிக்குப் போனது. இராசநாயகம் தூரத்தில், நிற்க வேண்டிய அளவில் நின்றார். பரமேஸ்வரி அக்கா என் தலையில் விழவில்லை. அகப்பையில் சோறு எடுத்து, குனிந்து, நேரே என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அடி விளிம்பிலிருந்த அந்த ஆளில்லாத இலை என் மடிக்கு முன்னால் கிடந்தது.

நாற்பது முகங்களில் என் முகத்தைத் தேடி அவரோடு கோபித்துக்கொண்டவன் நான். ஒரு பந்தியில் இருக்கிறவனுக்குத் தன் முகம் தெரிவதில்லை என்பது எனக்கு அன்று விளங்கவில்லை. விளக்கிச் சொல்லவில்லை என்று மேலே எழுதியிருக்கிறேன். அது பிழை, ஆனால் அழிக்காமல் விடுகிறேன், கிடக்கட்டும். அவர் சொன்னார். எல்லோருக்கும் முன்னால், என் முகத்தைப் பார்த்தே சொன்னார்.

முப்பத்தோராம் நாள் படம் மேடையில் இருக்காது. மண்டபத் தரையில் சாத்தியிருக்கும், மாலை இல்லாமல். தலைவரிடம் சொல்லிவிட்டேன். முன்னால் கதிரை போடவும் விடமாட்டேன். வருகிறவர்கள் முறைவைத்து ஒருதடவை நிலத்தில் இருந்து பாருங்கள், அந்த இலை யார் இருந்தாலும் அவருக்குத்தான். உங்களுக்கும் எனக்கும் உயரத்தில் இரண்டு விரல் வித்தியாசம் இருந்தால் அவர் கோபிக்கமாட்டார்.

புஸ்பா அக்கா அவருடைய நூலையும் அளவுநாடாவையும் என்னிடம் தந்திருக்கிறார். அவை மேசை லாச்சியில் இருக்கின்றன. ஆனால் மனோகரன் அண்ணையிடமிருந்து எனக்கென்று நான் வைத்திருப்பது அந்த எழுபத்தாறு சென்ரிமீற்றர்தான். பதினொரு வருடம் எனக்கு இலை போட்டே இருந்திருக்கிறது. நான்தான் போய் அதன் முன்னால் இருக்கவில்லை.