கிராணியின் பேனாவும் என் பேனாவும்

போலீஸ் வேலையில் திருடனைப் பிடிப்பதுகூட எளிது. மேலிடத்து உத்தரவுப்படி மனிதர்களோடு பழகுவதுதான் கஷ்டம். சிரித்த முகமாக இருப்பதற்குச் சம்பளம் வாங்கிய எவருக்கும் நான் சொல்வது புரியும். எண்பதுகளின் தொடக்கம். மலேசியாவில் கோலசிலாங்கூர் ஸ்டேஷனில் நான் சாதாரணக் கான்ஸ்டபிள். தமிழ் பேசுகிறவன் என்பதால், வாரம் ஒருமுறை பக்கத்து ரப்பர் தோட்டத்துக்குப் போய் மக்களோடு பழகிவிட்டு வரச் சொன்னார்கள்.

முதல் வரவேற்பு

மோட்டார் சைக்கிளை நிறுத்தியதுமே தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயத்தின் கதவுகள் ஒவ்வொன்றாகச் சாத்திக்கொண்டன. சீருடைக்காரன் வந்தால் கள்ளச் சாராயம் தேடத்தான் வருவான் என்பது அவர்கள் கண்ட அனுபவம். பழக வந்திருக்கிறேன் என்று மூடிய கதவுகளைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னேன். எனக்கே அது நம்பும்படியாக இல்லை.

ஒரே ஒரு கதவு திறந்திருந்தது. பால்வெட்டும் மாரியாயி வாசலில் உட்கார்ந்து கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தார். எழுந்திருக்கவில்லை. "சம்சு தேடி வந்தா பூட்ஸோட வாங்க சார். பழக வந்தா கழட்டிட்டு வாங்க."

குற்றமே இல்லாத தோட்டம்

அந்தத் தோட்டத்திலிருந்து வருஷக்கணக்காக ஒரு புகாரும் வந்ததில்லை. ஸ்டேஷனில் அதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்வோம். காரணம் பிறகுதான் தெரிந்தது. தோட்டத்து வழக்கப்படி எந்த முறையீடும் முதலில் ஆபீஸில் கணக்கெழுதும் கிராணியிடம் போக வேண்டும். அவர் கடிதம் கொடுத்தால்தான் போலீசுக்கு வரலாம். அவர் ஒருநாளும் கொடுத்ததில்லை. கடிதமில்லாமல் வந்தவர்களை நாங்களும் திருப்பி அனுப்பிப் பழகியிருந்தோம்.

நான்காம் வாரம், ஒரு சனிக்கிழமை, மாரியாயியின் இடது கை வீங்கியிருந்தது. பால் குறைந்ததென்று, வேலையை மேற்பார்க்கும் மண்டோர் கம்பால் அடித்திருக்கிறான். கிராணி அதைக் 'குடும்பத் தகராறு' என்று எழுதி மூடிவிட்டார். மண்டோருக்கும் மாரியாயிக்கும் எந்த உறவும் கிடையாது. கடிதம் வேண்டுமே என்று நானும் இழுத்தேன். இன்றைக்கு நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது. மாரியாயி என் சட்டைப் பையைக் காட்டினார். "அந்தப் பேனா எழுதுமா சார், இல்ல அழகுக்குக் குத்தியிருக்கீங்களா?"

மரத்தடி மேசை

மறுநாளே கோயிலடி மரத்துக்குக் கீழே மேசை போட்டு உட்கார்ந்தேன். மாரியாயி தமிழில் சொன்னார், நான் மலாயில் எழுதினேன். கைநாட்டு வேண்டாமென்று தன் பெயரை எழுத்துக் கூட்டி எழுதினார். லயமே தள்ளி நின்று பார்த்தது.

கிராணி குடை பிடித்துக்கொண்டு வந்தார். நான் தலை நிமிராமல் தேதி போட்டுக் கையெழுத்தும் போட்டேன். கிராணி மேசைமேல் குனிந்தார். "நமக்குள்ள பேசி முடிச்சுக்கலாம் லா தம்பி. மானேஜர் ஒரு போன் போட்டா நீங்க எந்த ஊர்ல இருப்பீங்கன்னு எனக்குத் தெரியாது."

பதினோரு பேர்

போன் வந்தது. ஸ்டேஷன் சார்ஜன் ரிப்போட்டை இழுப்பறையில் போட்டுப் பூட்டினார். பழகச் சொன்னால் பழக வேண்டியதுதானே, எழுதச் சொன்னது யார் என்று கேட்டார். எழுதாமல் பழகினால் நான் விருந்தாளி, போலீஸ்காரன் இல்லை என்றேன்.

செவ்வாய் பிற்பகல் பதினோரு பெண்கள் பால் வாடையோடு பஸ்ஸிலிருந்து இறங்கினார்கள். விடியற்காலைப் பெரட்டில் பெயர் கூப்பிடும்போது நிற்பார்களே, அப்படியே சார்ஜன் மேசைக்கு முன்னால் வரிசையாக நின்றார்கள். பத்துப் பேர் சாட்சி சொல்ல வந்தவர்கள். மாரியாயி ஓரடி முன்னால் வந்தார். வழக்கம்போல் சார்ஜன் கடிதத்தைக் கேட்டார். நான் அதைத் தமிழில் சொல்லி முடிப்பதற்குள், மாரியாயி வீங்கிய கையைத் தூக்கி மேசைமேல் வைத்தார். "இதான் கடிதம். படிச்சுப் பார்க்கச் சொல்லுங்க."

இழுப்பறை திறந்தது, மண்டோர் கோர்ட் படியேறினான், எனக்குத் தஞ்சோங் காராங்குக்கு மாற்றல் வந்தது. மக்களோடு அதிகம் பழகிய குற்றத்துக்காக வேறு மக்களோடு பழக அனுப்பியவர்கள், என் பேனாவை வாங்கி வைத்துக்கொள்ள மட்டும் மறந்துவிட்டார்கள்.