ஞாயிற்றுக்கிழமை ஐந்து நிமிடம்

வளைகுடாவுக்கு ஆள் அனுப்பிப் பழகிய ஊர் அறந்தாங்கி. பெட்டியை எப்படிக் கட்டுவது, டேப்பை எங்கே ஒட்டுவது, பெயரை எத்தனை பக்கம் எழுதுவது என்பதெல்லாம் எங்கள் தெருவில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அந்தத் தைரியத்தில்தான் பதினொரு வயது மகளை ஏற்காட்டில் நடந்த கோடை முகாமுக்கு அனுப்பினேன். லீவு விட்டால் சோபாவே கதி என்று கிடக்கிறாளே என்ற எரிச்சலும் ஒரு காரணம். நாத்தனார் வந்து, "எங்கண்ணனத்தான் குவைத்துல விட்டுட்டீங்க, புள்ளையையுமா மதினி?" என்றாள். "பத்து நாள்தான். அங்கேயே குடியேறவா போறா?" என்று அவள் வாயை அடைத்தேன்.

பள்ளிக்கூட வாசலில் பஸ் கிளம்பியபோது என் மகள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பக்கத்தில் நின்ற அம்மாக்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். நான் கெத்தாக வண்டியைக் கிளப்பிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். அந்தக் கெத்து மறுநாள் மதியம் வரைக்கும்தான் தாங்கியது.

முகாமில் பிள்ளைகளுக்குப் போன் கிடையாது. சாயங்காலம் வாட்ஸப் குரூப்பில் போட்டோ போடுவார்கள். ஒரே தொப்பி போட்ட நாற்பது ஐம்பது பிள்ளைகளில் என் பிள்ளையைத் தேடிக் கண்டுபிடித்து, முகத்தைப் பெரிதாக்கிப் பார்ப்பேன். சிரிக்கிறாளா, வெயிலுக்குக் கண்ணைச் சுருக்குகிறாளா என்று தெரியாது. வார்டனுக்கு, "மதியம் என்ன சாப்பிட்டாள்?" என்று செய்தி அனுப்புவேன். ஒரு கட்டைவிரல் வரும். கட்டைவிரலை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது? சாம்பாரா, ரசமா, பாதியில் எழுந்துவிட்டாளா?

அவள் வீட்டில் இருக்கும்போது இதே கேள்வியை என் வீட்டுக்காரர் குவைத்திலிருந்து தினமும் கேட்பார். "சோறுதான், வேற என்ன?" என்பதுதான் அடுப்படியிலிருந்து நான் சொல்லும் பதில்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மட்டும் வார்டன் போனிலிருந்து ஒவ்வொரு பிள்ளையும் வீட்டுக்கு ஐந்து நிமிடம் பேசலாம் என்று சொல்லியிருந்தார்கள். வெளிநாட்டு நம்பருக்குப் போடமாட்டார்களாம். அதனால் நான் ஒரு ஏற்பாடு செய்தேன். மகள் ஆன்லைன் வகுப்புக்கு வைத்திருந்த பழைய போனில் அவரை வீடியோ காலில் கூப்பிட்டு, சாப்பாட்டு மேசையில் சர்க்கரை டப்பாமேல் சாய்த்து வைத்தேன். என் போனை அதற்கு எதிரில் வைத்தேன். அங்கே வெள்ளிக்கிழமைதான் விடுமுறை, அதனால் அவருக்கு அன்று வேலை நாள். கடையின் குடோனில் அட்டைப்பெட்டிகளுக்கு நடுவே நின்றுகொண்டிருந்தார். மனதுக்குள் ஒரு கணக்கு வைத்திருந்தேன்: முதலில் நான் பேசுவேன், கடைசி ஒரு நிமிடம் அவருக்கு. பிள்ளை அங்கே சந்தோஷமாக இருக்கிறாளா, இல்லை அழுகிறாளா? எனக்கு அது தெரிந்தாக வேண்டும்.

என் போனில் மணி அடித்தது. ஸ்பீக்கரில் போட்டேன். "அம்மா" என்றாள்.

"சாப்பிட்டியா?"

"ம்."

"தல சீவுனியா? குளிராம இருக்கா?"

"ம்."

"நல்லா இருக்கியாடி?"

"ம். இருக்கேன்."

அதற்குமேல் எனக்குக் கேள்வி வரவில்லை. வீட்டில் நாள் முழுக்க அவளிடம் வாய் ஓயாமல் கத்துகிறவள் நான். பிறந்ததிலிருந்து அவளை ஒரு ராத்திரிகூடப் பிரிந்ததில்லை. ஆகவே நாங்கள் இருவரும் போனில் பேசியதே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

சர்க்கரை டப்பாப் பக்கமிருந்து அவர் குரல் வந்தது. "அத்தா பேசுறேன்டா. ஒன் கட்டிலு சன்னல் பக்கமா, செவுத்துப் பக்கமா?"

"சன்னல் பக்கம் அத்தா! மேல் கட்டிலு!"

"அங்கிட்டுப் பாத்தா என்ன தெரியுது?"

"காப்பிச் செடி. காலையில பனி வந்துட்டா ஒண்ணுமே தெரியாது."

"கீழ்க் கட்டில்ல யாரு?"

"ஒரு மதுரைக்காரப் புள்ள. மொத நாள் ராத்திரி அழுதுச்சு."

"நீ என்ன செஞ்ச?"

"நானும் எறங்கி அது பக்கத்துல உக்காந்து அழுதேன். அப்பறம் ரெண்டு பேரும் பிஸ்கட் தின்னோம்."

"இப்ப?"

"இப்ப அழுவுறதில்ல. பிஸ்கட் மட்டுந்தான்."

அவர் சிரித்தார், அவளும் சிரித்தாள். நான் இரண்டு போனுக்கும் நடுவில் மேசைத் துணியின் நுனியை முறுக்கிக்கொண்டிருந்தேன். நேரம் முடிந்தது என்று வார்டன் போனைத் திரும்ப வாங்கிக்கொண்டார்.

மனசு ஆறியது. கூடவே பற்றிக்கொண்டும் வந்தது. பெற்று வளர்த்தவளுக்கு 'ம்', இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை வந்து போகிறவருக்குக் கதையா?

"எங்கிட்ட ஒரு வார்த்த பேசல, பாத்தீங்களா?" என்றேன்.

"ஒனக்கு அவகிட்டப் போன்ல பேசிப் பழக்கமில்லம்மா" என்றார். "எனக்கு நேருல பழக்கமில்ல. லீவுல வரும்போது பாத்திருப்பியே. பக்கத்துல வந்து உக்காருவா. நான் சாப்பிட்டியாம்பேன். அவ 'ம்'ம்பா."

பார்த்திருக்கிறேன். போன தடவை அவர் வந்திருந்தபோது, ஒரே சோபாவில் ஆளுக்கொரு நுனியில் இருவரும் டிவி பார்த்துக்கொண்டிருந்தார்கள். களைப்பு என்று நினைத்துக்கொண்டு நான் தோசை ஊற்றப் போய்விட்டேன்.

"வியாழக்கிழம வந்துருவால்ல? வந்துட்டா ஒனக்குச் சரியாப் போயிரும்" என்றார்.

எனக்குச் சரியாகிவிடும். அதில் எனக்குச் சந்தேகமில்லை.

"அடுத்த தடவ லீவு கொஞ்சம் கூடப் போட்டுட்டு வாங்க" என்றேன்.

"கேட்டுப் பாக்குறேன்" என்றார். கேட்டாலும் தரமாட்டார்கள் என்பது எங்கள் இருவருக்குமே தெரியும்.