எடைமேடைக்கு வந்த த்ரெடிங்

கும்மிடிப்பூண்டியில் நான் வேலை பார்க்கும் இரும்பாலையில் கணினிப் பிரிவு என்றால் நான் ஒருவன்தான். எங்கள் வெப் சர்வர் மென்பொருள் அரதப் பழசு. புதிய பதிப்புக்கு மாற வேண்டும் என்று நான்தான் எழுதிக் கொடுத்தேன். என்னை நம்பாத மேலாளர் சென்னையிலிருந்து ஓர் ஆலோசகரை வரவழைத்தார். ஆலை வாசலிலேயே கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்ட மனிதர்.

"புது வெர்ஷன்ல த்ரெடிங் போட்டுடலாம். உலகமே அதுலதான் ஓடுது" என்றார்.

பழைய முறையில் கணினிகளிலிருந்து சர்வருக்கு வரும் ஒவ்வொரு கோரிக்கைக்கும் மென்பொருளின் தனி நகல் ஒன்று ஓடும். ஒன்றின் நினைவகத்தை மற்றது தொடாது. த்ரெடிங்கில் பல கோரிக்கைகள் ஒரே நினைவகத்தைப் பகிர்ந்துகொள்ளும். வேகம் கூடும், மறுக்கவில்லை. ஆனால் அதன்மேல் ஓடும் நிரல் அதற்கேற்றபடி எழுதப்பட்டிருக்க வேண்டும். லாரிகளை எடை போட்டுச் சீட்டு அடிக்கும் எங்கள் எடைமேடை நிரலை எழுதியவர் வேலையை விட்டுப் போய்ப் பல வருடங்களாகின்றன.

"அந்த நிரல் இதைத் தாங்குமா என்று சோதித்துவிட்டு மாற்றலாமே" என்றேன்.

"பயந்துக்கினே இருந்தா முன்னேற முடியாதுப்பா" என்றார் மேலாளர். த்ரெடிங் என்றால் நூல் கோக்கிற வேலையா என்று முந்தின நாள் என்னிடம் கேட்டவர் அவர். ஆலோசகர் சிரித்தார். நான் ஒப்புதல் தாளில் கையெழுத்துப் போட்டேன். அவர்கள் இருவர் மீதும் எனக்கிருந்த இளக்காரத்தில் பாதியாவது அன்று என் மீதும் இருந்திருக்க வேண்டும்.

மாற்றிய மறுநாள் காலை, லாரிகள் உள்ளே வரும் வாசலின் எடைமேடையில் சீட்டு அடிக்கும் பெண் போன் செய்தார். பட்டன் தட்டுகிற வேலைதானே என்று அவரையும் நான் பெரிதாக மதித்ததில்லை.

"இன்னா சார் இது? உள்ள வர்ற லாரிக்கு அடிச்சா, வெளிய போற லாரியோட எடை வருது. கேட்டை மூடிட்டேன்."

ஓடினேன். லாரிகள் சாலை வரை நின்றன. மேலாளரும் ஆலோசகரும் பின்னாலேயே வந்தார்கள்.

"ஆபரேட்டர் மிஸ்டேக்கா இருக்கும்" என்றார் ஆலோசகர், கணினியைப் பார்க்காமலேயே.

அந்தப் பெண் அவரை ஏற இறங்கப் பார்த்தார். வெளியே போகும் வாசலின் எடைமேடையில் இருந்தவரை போனில் கூப்பிட்டு, "அக்கா, நான் மூணுன்னதும் நீயும் தட்டு" என்றார். எண்ணினார். இருவரும் ஒரே நேரத்தில் தட்டினார்கள். இரண்டு சீட்டிலும் ஒரே எடை. மறுபடி எண்ணினார். மறுபடியும் அதே.

"தனித்தனியா தட்னா சரியா வருது சார். ஒண்ணா தட்னாத்தான் பேஜாரு."

பகிர்ந்த நினைவகத்தில் ஒரு வாசலின் எடைமேல் மற்ற வாசலின் எடை பதிந்துகொண்டிருந்தது. நான் மணிக்கணக்கில் தேடியிருக்க வேண்டிய தவறை அவர் ஐந்து நிமிடத்தில் பிடித்துவிட்டார். ஆலோசகர் கைக்குட்டையை மடித்துக்கொண்டிருந்தார். யாரிடமும் கேட்காமல், புதிய பதிப்பை வைத்துக்கொண்டு த்ரெடிங்கை மட்டும் நிறுத்தினேன். தனித்தனி நகல்கள் ஓடத் தொடங்கின. அடித்த சீட்டுகளையெல்லாம் ரத்து செய்துவிட்டு லாரிகளை மறுபடி எடை போட்டோம். மதியத்துக்குள் வரிசை கரைந்தது.

அடுத்த வாரம் ஆலோசகரின் அறிக்கை வந்தது: 'இந்த ஆலையின் தேவைக்கு த்ரெடிங் அவசியமில்லை என்பது எங்கள் பரிந்துரை.' மேலாளர் அதைப் பாராட்டி எல்லோருக்கும் அனுப்பினார். அந்தப் பெண்ணைப் பற்றி அதில் ஒரு வரி இல்லை.

அச்செடுத்துப் போய் அவரிடம் காட்டினேன். அந்தப் பரிந்துரை வரியைப் படித்ததோடு திருப்பிக் கொடுத்துவிட்டார்.

"இத்த எழுதறதுக்கா அந்தாளு அவ்ளோ தூரம் வந்துக்கினு போனாரு? நவுரு சார், லாரி நிக்குது."